குறுக்கே போகாத குழாய்கள்

வயிற்றுப் பிள்ளையின் ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்த்துக் கோளாறு சொல்வது என் தொழில். நல்ல சேதி சொன்னால் படியிறங்கும்போதே மறந்துவிடுவார்கள், கெட்ட சேதி சொன்னால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். பாதி வாரம் கடலூர், பாதி வாரம் சிதம்பரம் என்று இருட்டறையில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் போலவே இந்த அறையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளுக்காக, ஒரு குடும்பத்தோடு பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மூஞ்சி ஜோசியம்

சிதம்பரத்தில் ஒரு மத்தியானம் சரண்யா வந்தாள். தலைச்சன் பிள்ளை, அஞ்சாம் மாசம். பிறந்த வீடு சிதம்பரம், புகுந்த வீடு காடாம்புலியூர். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே போக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் இடம் மாறிக் கிளம்பி, பக்கத்துப் பக்கத்தில் நேராகப் போயின. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று சுவரில் போர்டு இருக்கிறது. அதனால் நம் ஜனங்கள் எங்கள் மூஞ்சியைப் பார்த்தே ஜோசியம் சொல்லப் பழகிவிட்டார்கள். நான் உம்மென்று இருந்தால் பெண் குழந்தை என்று அர்த்தம். கால்மாட்டில் நின்ற புருஷன் பெரிய மனசோடு சொன்னார்: "பொண்ணா இருந்தாலும் பரவால்ல மேடம், அதுக்கு ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க?"

யார் வீட்டுப் பிரசவம்

வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தாயின் ரத்தம் பார்த்துக்கொள்ளும். தொப்புள்கொடியை வெட்டியதும் உடம்புக்கு நல்ல ரத்தம் போகாது, நீலம் பாரித்துவிடும். சென்னையில், இதய ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதைப் படம் போட்டு விளக்கினேன். சரண்யாவின் அப்பா, சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், கவனமாகக் கேட்டார். கேள்விகூட நன்றாகத்தான் கேட்டார்.

கடைசியில் சங்கதி வேறு எங்கோ போய் முட்டியது. தலைச்சன் பிரசவத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள் தங்கள் ஊரில் வைத்துப் பார்ப்பதுதான் முறையாம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மெட்ராஸ்ல கொண்டுபோய்ச் சேத்தா, வச்சிப் பாக்க வக்கில்லாம தள்ளிவுட்டுட்டான்னு சம்பந்தி ஊட்ல பேசுவாங்க டாக்டரம்மா."

வாசலில் கார்

வளைகாப்பு முடிந்து கை நிறையக் கண்ணாடி வளையலோடு கடலூருக்கு வந்தாள். பிள்ளை நன்றாக வளர்ந்திருந்தது, குழாய்கள் அப்படியேதான் இருந்தன. இப்போதே சென்னைக்குப் போய்த் தங்குங்கள் என்றேன். பிரசவம் பார்க்கும் டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். அப்பா ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: வீட்டு வாசலில் கார் எந்நேரமும் தயாராக நிற்குமாம், வலி கண்டதும் ஏறிவிடலாமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வலி உங்களைக் கேட்டுக்கொண்டா வரும் என்று கத்தியே விட்டேன்.

புருஷன் மாமனார் முகத்தைப் பார்த்தார், மாமனார் தரையைப் பார்த்தார். சரண்யாதான் பேசினாள்: "அவுங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும் மேடம், எனக்குப் புள்ள உசுரோட வேணும்."

ஒரு குறை இல்லை

வலி வந்த வேகத்துக்குக் கார் கிளம்பக்கூட நேரமில்லை. சிதம்பரத்திலேயே பிறந்தான். பிறந்தபோது நன்றாக அழுதானாம். அப்புறம் நீலம் பாரித்தான். ஆம்புலன்ஸில் வைத்துச் சென்னைக்கு ஓடினார்கள். திண்டிவனம் தாண்டவில்லை.

பிள்ளையை அடக்கம் பண்ணிய பிறகு சரண்யாவின் அப்பா மட்டும் என்னைப் பார்க்க வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போகும்போது சொன்னார்: "எங்க ஊர்லயே பொறந்தான் டாக்டரம்மா. சம்பந்தி ஊட்ல யாரும் ஒரு கொறை சொல்லல."

கோளாறைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் பாதி வேலைதான், பாவிகளே. மீதிப் பாதி சம்பந்தி வீட்டில் இருக்கிறது.