புது ஃபேனில் சிவப்புப் புள்ளி

தன் நிழல் பின்னால் வந்தாலே ஏன் வருகிறாய் என்று கேட்கிற மனிதர் அவர். முப்பத்தொரு வருடம் ஓர் ஆலையின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். பழுதுபார்க்க எது வெளியே போனாலும், அதன் உள்ளே ஒரு மூலையில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துத்தான் அனுப்புவார். திரும்பி வரும்போது புள்ளி இல்லையென்றால் சாமானை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். ஆயுள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட அந்த இரண்டு முறை போதாதா? ஆலையில் ‘புள்ளி சார்’ என்றால்தான் அவரைத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் புள்ளியும் கூடவே வீட்டுக்கு வந்தது. மிக்ஸிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று, பழைய லேப்டாப்புக்கு உள்ளே ஐந்து.

அந்த லேப்டாப்தான் குடும்பத்தை இரண்டாக்கியது. மருமகன் கம்ப்யூட்டர் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் அது சூடாகி இரைந்தபோது, வாங்கிப் போய்ப் புது ஃபேன் மாட்டிக் கொடுத்தான். பத்தே நாளில் திரை கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தது. மூடியைப் பாதி திறந்தால் படம் வரும், நிமிர்த்தினால் இருட்டு. “நல்லதை உருவிட்டு ஓட்டை உடைசலை மாட்டிட்டான்” என்று மாமனார் நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த நாலு பேரில் மகளும் ஒருத்தி.

“அவரை நம்பாத வீட்டுல எனக்கென்னப்பா வேலை?” என்று எழுந்து போனவள், பிறகு வாசப்படி மிதிக்கவில்லை. அவளில்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவருக்கு மனம் அடித்துக்கொண்டாலும் வாய் இறங்கி வரவில்லை.

போன வாரம் திரை ஒரேயடியாக இருண்டது. இந்தப் பழைய மாடலுக்கு டிஸ்ப்ளே கேபிள் கிடைக்காது என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் மனைவிதான் மருமகனுக்கு ஃபோன் போட்டாள்.

“கேபிள் தேடி எடுத்துட்டாராம், வர்றாரு. நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க. இதுவும் கெட்டுப்போச்சுன்னா அவ இந்தப் பக்கமே வர மாட்டா.”

மருமகன் தனியாகத்தான் வந்தான். மேஜையில் லேப்டாப்பைக் கவிழ்த்துவைத்தான். மாமனார் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார்.

“உங்களுக்கு வேலை இருந்தா பாருங்க மாமா.”

“இதுதான் என் வேலை மாப்பிள்ளை.”

கழற்றிய ஸ்க்ரூக்களை மருமகன் ஒரு காகிதத்தில் இடம் மாறாமல் அடுக்கினான். பதினொன்று. மாமனாருக்குக் கை பரபரத்தது.

“பன்னண்டு இருக்கணுமே?”

“உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?”

அவர் திருதிருவென்று விழித்தார்.

பின்மூடி திறந்தது. ஐந்து சிவப்புப் புள்ளிகளும் இருந்த இடத்தில் இருந்தன. ஃபேன் மேல் ஆறாவதாக ஒன்று. டிஸ்ப்ளே கேபிள் கீல் பக்கத்துப் பள்ளத்தை விட்டு நழுவி, பின்மூடியின் விளிம்பில் நசுங்கிக் கிடந்தது. மருமகன் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான்.

“இந்த ஃபேன் நான் மாட்டினப்ப புதுசு. இதுல எப்படி மாமா புள்ளி வந்துச்சு?”

அன்று லேப்டாப் திரும்பி வந்த மறுநாளே, மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் திறந்து பார்த்திருந்தார். ஐந்து புள்ளியும் இருந்தன. திருப்தியா வந்தது? அதே நிறத்தில் அவனே வைத்திருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று புது ஃபேனுக்கும் ஒன்று வைத்தார். ஒரு ஸ்க்ரூ மேஜைக்கடியில் உருண்டு போனதை அவர் கவனிக்கவில்லை. பின்மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தையும் இருண்ட திரையையும் இரண்டு வருடமாக அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. தன் கையைச் சந்தேகிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

மனைவி டீயோடு வந்தாள். “என்ன கோளாறு மாப்பிள்ளை?”

மருமகன் ஃபேன் மேல் கையை வைத்து மறைத்தான். “கேபிள் பழசு அத்தை. தேஞ்சுடுச்சு.”

ஏன் மறைக்கிறான்? நாளைக்குச் சொல்லிக்காட்டவா? பழக்க தோஷம், அப்போதும் அவருக்கு அப்படித்தான் தோன்றியது. எவ்வளவு துருவியும் ஒரு காரணமும் அகப்படாதபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மருமகன் திரையைப் பிரித்து, புதுக் கேபிளைப் பள்ளத்தில் பதித்து, டேப் ஒட்டி மூடினான். திரை எரிந்தது. சோதித்துப் பார்க்க வீடியோவில் தன் மனைவியைக் கூப்பிட்டான்.

“தெரியுதா?”

“தெரியுது. இந்தத் தடவை எதைத் திருடினீங்களாம்?” என்றாள் மகள். அப்பா பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். மூடியை முழுதாக நிமிர்த்தினார். அவள் முகம் மறையவில்லை.

“அவர் எதையும் எடுக்கலம்மா. அன்னிக்கு நான்தான் திறந்து பார்த்தேன். நான்தான் நசுக்கினேன்.”

“அன்னிக்கு நாலு பேர் முன்னால சொன்னீங்கப்பா.”

“ஞாயித்துக்கிழமை அதே நாலு பேரையும் கூப்பிடுறேன்” என்றார் அவர். “நீ வரலேன்னா மூணுதானேம்மா இருக்கும்.”