கூடத்துப் பக்கம் வாய் வைத்த அடுப்பு

மெட்ராஸில் குளிரே கிடையாது என்று சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்ய மாட்டேன். பொதுவாகவே யாரிடமும் வாதம் செய்கிற ஆள் இல்லை நான். ஆனால் ஐப்பசியில் ஏரி நிரம்பி, மழை விடாமல் அடிக்கிற சாயங்காலத்தில், சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி முழங்கால் தண்ணீரில் சிட்லபாக்கத்துக்கு நடந்து வந்தவர்களைக் கேளுங்கள். மார்கழிப் பனியில் காதுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு ஷிப்ட் முடித்து வந்தவர்களைக் கேளுங்கள். குளிரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியே எங்கள் கடையைப் பற்றியும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் தாம்பரம் சுற்றி ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. ஆனால் நெருப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டல் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது எங்களுடையது. அந்த அடுப்பு என்னால் வந்தது. இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்தில் இருக்கிற பெண்தான் எனக்காகச் சொல்வாள். யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை நடுங்கும், செய்துகொண்டிருக்கிற வேலை கெட்டுப் போகும். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலில் பல வருஷம் சர்வராக இருந்தவர். சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. என் ரசத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்த ஆசையே வந்தது என்று எல்லோரிடமும் சொல்வார்.

எண்பதுகளின் நடுவில் ஏரிக்குப் போகிற வழியில் ஓட்டுக் கட்டடம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. முன்னால் ஒரு கூடம். பின்னால் ஒரு சின்ன அறை, அதுதான் சமையல் அறை. நடுவில் ஒரு சுவர். சுவரில் கதவு கிடையாது, தட்டு நீட்டுகிற அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் உண்டு. சமையல் அறைக்குப் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். எனக்கு அந்தச் சுவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என் கையும் வளையலும் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியாது.

அடுப்பு கட்டுகிற வாரத்தில் வீட்டுக்காரர் ஒரு குடும்ப விஷயமாக அரக்கோணம் போயிருந்தார். அடுப்பை எப்படிக் கட்டுவது என்று மேஸ்திரி என்னிடம் கேட்டார். என் அறையில் அடுப்பு மேடையும் நானும் நின்றால் சரியாக இருக்கும். விறகு அடுக்க இடமில்லை. வெளியில் போட்டால் மழையில் நனையும். கூடத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. அதனால், சுவரோடு சேர்த்து அடுப்பைக் கட்டச் சொன்னேன். பாத்திரம் என் பக்கம். விறகு வைக்கிற வாய் சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில்.

"வாய் அந்தப் பக்கமா? நல்லா யோசிச்சியா தங்கச்சி?" என்றார் மேஸ்திரி.

விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன். அவரும் கட்டிவிட்டார். நல்ல வேலைக்காரர். புகை போகக் கூரைக்கு மேலே ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து கூடத்தில் நின்று பார்த்தார்.

"இன்னாமே இது? அடுப்பு வாய் ஊரைப் பாத்துகினு கீது. சமைக்கிறது நீயா, சாப்ட வர்றவனா?"

திறக்கிற நாள் குறித்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் விட்டார்.

நாங்கள் திறந்தது சித்திரையில். அந்த வெயிலில், மேலே ஓடும் காய, கீழே நெருப்பும் எரிய, கூடத்தில் யார் உட்காருவார்கள்? முதல் வாரமே ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே புங்கமரத்தடிக்குப் போய்விட்டார். "தலைவரே, அரிசி வேவுறப்போ எங்களையும் சேத்து வேக வெச்சிடுவ போல கீதே" என்று இன்னொருவர். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பரிமாறுவார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரியும்.

இன்னொரு கஷ்டம். தீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கட்டையைத் தள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்றால் நான் குரல் கொடுக்க வேண்டும். கூடத்தில் அத்தனை பேர் இருக்க, அது என்னால் முடியாது. அதனால் கரண்டியால் பானை விளிம்பில் தட்டினேன். ஒரு தட்டு தட்டினால் கட்டையை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு தட்டினால் வெளியே இழுக்க வேண்டும். இவரும் பரிமாறுவதை விட்டுவிட்டு ஓடி வந்து ஓடி வந்து தள்ளுவார்.

ஆனி மாசத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த அடுப்பை இடித்துவிட்டு, கடைக்கு முன்னால், ரோட்டைப் பார்த்தாற்போல் புதிதாகக் கட்டுவது. எல்லாக் கடையிலும் அப்படித்தானே இருக்கிறது, ஆவி பறப்பதைப் பார்த்தால்தானே நாலு பேர் உள்ளே வருவார்கள் என்றார். ரோட்டைப் பார்த்து அடுப்பு இருந்தால் ரோட்டைப் பார்த்து நான் நிற்க வேண்டும்.

"அப்படீன்னா நான் வரலைங்க. வேற ஆளை வெச்சுக்குங்க" என்றேன்.

"வேற ஆளை வெச்சா அந்த ரசம் வருமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் நிற்காவிட்டால் கடை இல்லை, அவருடைய ஆசையும் இல்லை. நின்றால் என் வேலை கெட்டுப்போகும், ரசமும் கெட்டுப்போகும்.

மேஸ்திரி அப்போது பள்ளிக்கரணைப் பக்கம் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். பொங்கல் கழித்துத்தான் கை ஒழியும் என்று சொல்லி அனுப்பினார். ஆக, என் அடுப்புக்குத் தை மாசம் வரைக்கும் ஆயுள்.

அதற்குள் மழை வந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஒரு ஆள் சொட்டச் சொட்ட நனைந்து கூரை ஓரம் ஒதுங்கினார். மலைப் பக்கத்து ஊர்க்காரர், இங்கே ஒரு கல்லூரியில் வாத்தியார். நம் ஊர் ஆட்கள் மப்ளர் சுற்றிக்கொள்வதைப் பார்த்து, "இதுக்குப் பேரு குளிராய்யா?" என்று கேலி பேசுகிறவர். அன்றைக்கு அவருக்கே பல் தந்தியடித்தது. வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டார். அவர் அடுப்பு வாயைப் பார்த்ததும் நேராகப் போய், பக்கத்தில் கிடந்த குட்டை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் ஒரு தட்டு தட்டினேன். இவர் போவதற்குள், அந்த ஆளே கட்டையை உள்ளே தள்ளிவிட்டார்.

"எங்க ஊர்ல நெருப்பைச் சுத்தித்தான் சாப்பாடே. அப்பளம் இருந்தா பச்சையாவே குடுங்க, நானே சுட்டுக்கறேன்" என்றார்.

சோறு, மிளகு ரசம், கொள்ளுத் துவையல். அவர் சுட்ட அப்பளம். ரசத்தைத் தட்டில் ஊற்ற வேண்டாம், டம்ளரில் கொடுங்கள் என்று மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அதில் ஒருவர் பேங்க் சார். சிட்லபாக்கத்தில் வீடு, தினமும் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய் வருகிறவர். வீட்டில் அம்மா பண்ணுகிற ரசத்துக்குப் பிறகு இதுதான் என்று சொன்னார். பெண்டாட்டியிடம் சொல்லிவிடுவேன் என்று வாத்தியார் மிரட்டினார். கார்த்திகையில் பெஞ்சு போதாமல் இன்னொரு பெஞ்சு வாங்கினோம். நனைந்து வருகிறவருக்கு, ஏற்கெனவே காய்ந்துவிட்டவர் எழுந்து இடம் தருவார். யாரும் இப்படி ஒரு சட்டம் போடவில்லை. தானாக வந்தது. பெஞ்சின் கோடியில், வாய்க்குப் பக்கத்தில் உட்காருகிறவர் தீயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் தானாக வந்ததுதான்.

"ரெண்டு தட்டு சார். இழுங்க, இழுங்க. அக்கா ரசம் பொங்கினா உங்களைத்தான் கேப்போம்."

"எங்க மேனேஜர் சொன்னாக்கூட இவ்வளவு வேகமா நான் கை நீட்டினதில்லை."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். பேசவே வராத நான் தட்டினால் பேங்க்காரரும் வாத்தியாரும் கட்டையை இழுத்தார்கள்.

வீட்டுக்காரர் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் கணக்குத் தெளிவாக வைத்திருந்தார். "மழையும் பனியும் நாலு மாசம். வெயில் எட்டு மாசம். அப்போ இன்னா பண்றது? மேஸ்திரிக்கு வார்த்தை குடுத்துட்டேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அவர் கேள்விக்குப் பதில் மார்கழியில் ஒரு மத்தியானம் கிடைத்தது. சூட்டில் வெடித்திருந்த ஒரு செங்கல் அடுப்பின் என் பக்கத்தில் இருந்து கழன்று விழுந்தது. ஓட்டை வழியாக நெருப்பு தெரிந்தது. அதுவரை எட்டு மாசம் சமைத்தும் என் தீயை நான் நேராகப் பார்த்ததில்லை. பக்கத்தில் கிடந்த கொட்டாங்குச்சியை அந்த ஓட்டை வழியாகத் தள்ளினேன். பிடித்துக்கொண்டு எரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செங்கல்லை எடுத்து இருந்த இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சிரித்துவிடுவாரோ என்று தினமும் விட்டுவிடுவேன்.

பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேஸ்திரி வந்தார். கடப்பாரையைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். காலையில் இடிப்பதாக ஏற்பாடு. முதலில் சாப்பிடுகிறேன் என்று பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாராம். எனக்குத் தெரியாது. நான் இரண்டு தட்டு தட்டினேன்.

"மேஸ்திரி, இழுங்க" என்றது பேங்க் சார் குரல்.

"இன்னாத்த?"

"கட்டையை. உள்ளேர்ந்து ரெண்டு தட்டு வந்துது இல்ல?"

"நான் கட்டுன அடுப்பு, எனக்கே ஆர்டரா?" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். கூடம் சிரித்தது.

"இவர்தான் காலைல இதை இடிக்கப் போறார்" என்றார் வாத்தியார். "இடிங்க. நான் பெஞ்சை விட்டு எந்திரிக்க மாட்டேன். என்னையும் சேத்து இடிங்க."

"சார், சித்திரையில வந்து இங்க உக்காருவீங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "கிண்டல் இல்ல சார். உக்காருவேன்னு ஒருத்தர் சொல்லுங்க, நான் இடிக்கல."

என்ன சொல்வார்கள்?

அவர்களிடம் இல்லாத பதில் என்னிடம் இருந்தது. காலையில் அது பயன்படாது. நடுவில் கதவு இல்லாததால், கூடத்துக்குப் போக வேண்டும் என்றால் பின்வாசல் வழியாக இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, ரோட்டுப் பக்கமாக நுழைய வேண்டும். இருபது அடி இருக்கும். பாதி வழியில் நின்றேன். திரும்பினேன். அடுப்பில் ரசம் இருக்கிறதே என்று ஒரு சாக்கும் கிடைத்தது. கையைப் பார்த்தால் கரண்டியோடு வந்திருக்கிறேன். அதோடேயே முன்பக்கம் நடந்தேன்.

நான் வாசலில் வந்து நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள். பல பேர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இன்னாமே, தீ அணைஞ்சிடுச்சா?" என்று பதறினார் இவர்.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்பு வாயைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணா, இடிக்க வேணாம். என் பக்கம் தரையில இருந்து ஒரு சாண் மேல ஒரு கல்லு விழுந்துது. அங்க இன்னொரு வாய் வைங்க. வெயில் காலத்துல இந்த வாயைச் செங்கல் வெச்சு அடைச்சுடலாம். மழை வந்தா இதைத் திறந்துட்டு அதை அடைச்சுடலாம்."

மேஸ்திரி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார்.

"உன் பக்கம் கட்டை வைக்க ஏது எடம்?" என்றார் வீட்டுக்காரர். "அதுக்காகத்தானே வாயை இங்க வெச்சே?"

"வெயில் காலத்துல வெளியில வெச்சா நனையாதுங்க."

அவர் மேஸ்திரியைப் பார்த்துத் திரும்பினார்.

"அரை நாள் வேலை" என்றார் மேஸ்திரி, நிமிர்ந்து. "கடப்பாரை வேணாம், சின்ன உளி போதும்."

"இவ்ளோ பேசுவியாமே நீ?" என்று மட்டும் கேட்டார் இவர். அதில் கேலி இல்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்த அடுப்பு எரிந்தது. தொண்ணூறுகளில் காபிக்காகக் காஸ் வாங்கினோம். ரசமும் சோறும் கட்டையில்தான். ஒவ்வொரு பங்குனியிலும் கூடத்து வாயை அடைப்போம். ஐப்பசியில் முதல் பெருமழை அன்றைக்கு, பேங்க் சாரோ வேறு யாரோ நனைந்துகொண்டே வந்து, குடையைக்கூட மடக்காமல் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். யாராவது புதிதாக வந்தவர், இந்த அடுப்பு யாருடைய யோசனை என்று கேட்டால், என் வீட்டுக்காரர் பரிமாறுகிற கையை நிறுத்திவிட்டு, "எங்க வூட்ல" என்பார். நான் அந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அந்தத் தை மாச சாயங்காலம், சொல்லி முடித்ததும் நான் அங்கே நிற்கவில்லை. வந்த வழியே சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். ரசம் கொதி அடங்கியிருந்தது. கரண்டியைத் துடைத்துவிட்டு ஒரு தட்டு தட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் சொல்லாமலே, மேஸ்திரி கட்டையை உள்ளே தள்ளினார்.