கயேனிலிருந்து ஒரு மணித்தியாலம்

விமானச் சீட்டு விற்கிறவனுக்கு விலை தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் பரிஸ் நகரத்து லாச்சப்பலில் ஒரு பயணச்சீட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பழகிய உங்களுக்கு மிச்சம் சொல்லாமலே விளங்கும்.

விரல்நுனித் தூரம்

புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து புவனா அக்கா வந்தா. மகளுக்குத் தென்னமெரிக்காவில் இருக்கிற பிரெஞ்சு கயானாவில், மரிப்பசூலா என்ற ஆற்றங்கரை ஊரில், பள்ளிக்கூடத்து வேலை. பிரெஞ்சுக்கார மருமகன். மகளுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளைப்பேற்றுக்கு அங்குள்ள தலைநகரான கயேன் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும்.

பரிசிலிருந்து கயேனுக்கு ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம், அங்கேயிருந்து சின்ன விமானத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் என்றேன்.

"சின்னப் பிளேன் வேண்டாம் தம்பி. பஸ்ஸுக்குப் போடும்."

"றோட்டே இல்லை அக்கா. முழுக்கக் காடு. வள்ளத்திலை போனால் நாள்கணக்காகும்."

அக்கா திரையில் இருந்த வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தா. விரல்நுனி இரண்டையும் மறைத்தது. "இவ்வளவு கிட்ட இருக்கிற ஊருக்கு றோட்டுப் போடாமல் இந்தப் பிரெஞ்சுக்காரன் இவ்வளவு காலமும் என்ன செய்தவன்?"

தராசில் அக்கா

சின்ன விமானத்தில் பத்துக் கிலோதான் விடுவார்கள். பயணத்துக்கு முதல் நாள் அக்கா பெட்டியோடு கடைக்கே வந்து, எங்கள் தராசில் வைத்தா. பேறுகாலச் சரக்குத்தூள், நல்லெண்ணெய், குத்தரிசி. பாரம் கூட. தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்கினா. இரண்டு சீலை மட்டும் உள்ளே தப்பியது.

பெட்டியைப் பூட்டியபிறகுதான், அங்கே ஆட்களையும் நிறுப்பார்கள் என்ற செய்தியை மெல்லச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"உதை நேற்றே சொல்லியிருந்தால் காலமை இடியப்பத்தைக் குறைச்சிருப்பனே!"

ஒரே ஓர் இடம்

அக்கா மரிப்பசூலாவில் இறங்கியதும் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தா. மகளுக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டுவிட்டதாம். ஹெலிகொப்டரில் தனியே கயேனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா காட்டுக்கு மேலே இந்தப் பக்கம் வர, மகள் அந்தப் பக்கம் போயிருக்கிறாள். திரும்பும் விமானத்தில் ஒரே ஓர் இடம். மருமகன் அக்காவைப் போகச் சொல்கிறார். அக்கா அவரைப் போகச் சொல்கிறா. "ஆர் போறது தம்பி? நீர் சொல்லும்!"

அந்த விமானக் கொம்பனிக்கு எடுத்து மன்றாடினேன். வேறு இடம் இல்லை என்றார்கள். நல்லகாலம், மரிப்பசூலாவில் விமானத்துக்கு வரிசையில் நின்ற ஒரு மனிசி, மாமியாரும் மருமகனும் ஆளையாள் தள்ளுவதைப் பார்த்துத் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டா.

பின்னேரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கடை பூட்டும் நேரம் தொலைபேசி மணி அடித்தது. அக்காதான். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெண்பிள்ளை பிறந்ததாம். தாயும் பிள்ளையும் சுகம்.

"எல்லாம் சரி தம்பி. ஆனால் பெட்டைக்கு அப்பிடியே தேப்பன்ரை மூக்கு. அதை ஆரட்டைப் போய் முறையிடுறது எண்டுதான் உமக்கு எடுத்தனான்."

தூரத்தையும் நேரத்தையும் கணினியே சொல்லிவிடுகிறது, மிச்ச எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.