பலெர்மோவில் ஒரு பாண் வான் சாரதி

காலை 10.20. பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸுக்கு ஆறரை யூரோ. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டைப் பாறை, மடியில் என் குறிப்புப் புத்தகம். லண்டனில் வரலாறு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதை அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நான் பார்க்கப் போனது ஓர் அயர்லாந்துக் கிழவரை. அந்த நாட்டுச் சண்டைக் காலத்தில் ஓர் ஆயுதக் குழுவின் மூத்த தளபதியாக இருந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. பொலிஸார் இரண்டு தடவை பிடித்து, சாட்சியில்லாமல் விட்டார்கள். அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு மனைவியின் ஊரான இங்கே வந்தார். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். அவருக்குச் சமைப்பவர் என் சின்னம்மா. கிழவர் வாயால் உண்மையாக ஒரு வரி கிடைத்தால் போதும், அந்தச் சண்டை பற்றிய என் ஆய்வு நிமிர்ந்துவிடும்.

நண்பகல். சின்னம்மா பல்லரோச் சந்தையில் நின்றார். ஒன்றரை யூரோ சொன்ன கத்தரிக்காயை ஒரு யூரோவுக்கு இறக்கிவிட்டுத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஏழு வருசமா சமைக்கிறியள். அவரிட்டை ஒண்டும் கேக்கேல்லையே, சின்னம்மா?"

"உப்புக் காணுமோ, இன்னும் போடவோ எண்டு கேப்பன்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லைப் பிள்ளை. சண்டைக் காலத்திலை வன்னியிலை நீ என்ன செய்தனி எண்டு அவரும் என்னைக் கேக்கேல்லை. அதாலைதான் அங்கை நிக்கிறன்."

மாலை 3.30. வியா மக்வேதா தெருவிலிருந்து இரண்டு சந்து உள்ளே, மூன்றாம் மாடி. கிழவர் தலைவாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். சின்னம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பேக்கரி ஒன்றின் பாண் வான் ஓட்டினேன்."

"வேறொன்றுமில்லையா?"

"சனிக்கிழமைகளில் கேக்கும் ஏற்றுவோம்."

எனக்கு முகம் சுட்டது. "பத்திரிகைகள் அப்படிச் சொல்லவில்லையே."

அவர் கோபப்படவில்லை. என் கோப்பையில் தேநீர் ஊற்றினார். "உன் அப்பா? உங்கள் நாட்டில் போர் நடந்தபோது அவர் என்ன செய்தார்?"

"லொறி ஓட்டினார்."

யோசிக்காமலே வந்துவிட்டது. ஏழு வயதில் அம்மா சொல்லித் தந்த பதில். எங்கள் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் ஒரு படம் இருக்கிறது. அதில் அப்பா போராளிகளின் வரிச்சீருடையோடு நிற்கிறார். லொறி எதுவும் இல்லை.

சின்னம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"கஷ்டமான வேலை," என்றார் கிழவர். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மாலை 6.00. படியிறங்கும்போது சின்னம்மா என் தோளில் இடித்தார். "கேக்க மட்டும்தான் படிச்சனி எண்டு நினைச்சன். பதில் சொல்லவும் நல்லாப் பழகியிருக்கிறாய்."

விமான நிலைய பஸ்ஸில், 'பாண் வான் ஓட்டினார்' என்று எழுதிப் புத்தகத்தை மூடினேன். லண்டனில் எங்கள் சமையலறையும் இப்படித்தான். அப்பா சாப்பிடுவார். உப்புக் காணுமோ என்று அம்மா கேட்பார்.