அண்ணன் எழுதாமல் விட்ட இடது பக்கம்

அண்ணன் கடைசியாக எழுதிய இசைத் தாள்களில் இடது பாதி வெற்றாக இருந்தது. அதை நான் பிரெஞ்சுக் கலை என்று நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் மன்னிக்கலாம். எங்கள் ஊர் பிரிட்ஜ்வாட்டர் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில், புளியோதரைத் தட்டோடு நின்றுகொண்டு, மூன்று பேருக்கு விளக்கமும் சொன்னேன். "மௌனத்தையே மியூசிக்கா போடறாரு. அங்கல்லாம் இப்ப இதான்." கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். இசையில் எனக்குத் தெரிந்தது காரில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அண்ணனைப் பார்த்துப் பழகியது அவருடைய கடைசி வருடத்தில்தான். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். முறையாக எழுத வேண்டும், கோமாளித்தனம் கூடாது என்று என் மனைவி மாலதி சொல்லியிருக்கிறாள். முயல்கிறேன்.

அண்ணன் புதுச்சேரியில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதை உருப்படியாகப் பயன்படுத்தியவர் அண்ணன் ஒருவர்தான். எனக்கும் அவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். நான் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருந்த காலத்தில் அவர் பாரிஸில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டே வயலின் கற்றார். அவர் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும். அந்தக் கையெழுத்துதான் அவரைப் பிரெஞ்சு சினிமாவுக்குள் கொண்டுபோனது. ஓர் இசையமைப்பாளர் எழுதியதை நாற்பது வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலை. அதிலிருந்து அரேஞ்சர் ஆனார். அதாவது, இன்னொருவர் நான்கு வரி மெட்டைக் கொடுப்பார். அதை எந்த வாத்தியம் எங்கே தொடங்கி எங்கே விட வேண்டும் என்று பிரித்து எழுதுவது அண்ணன். திரையில் பெயர் மெட்டுக் கொடுத்தவருக்கு. பல வருடங்கள் அப்படித்தான் போயின. ஒருமுறை இசையமைப்பாளர் பாதிப் படத்தில் படுத்துவிட, மீதியை அண்ணன் முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் பெயரிலேயே படங்கள் வந்தன. கொலை, விவாகரத்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கும் பெண்கள், இப்படிப்பட்ட படங்கள். வீட்டில் யாரும் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தீர்களா என்று அண்ணனும் கேட்டதில்லை.

அண்ணி மறைந்து, அவர் தனியாளாகி, நான் எப்போதோ அவருக்காக அப்ளை பண்ணி மறந்தே போயிருந்த கிரீன் கார்டு ஒருவழியாக வந்து, அண்ணன் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பெட்டிகளும் ஒரு வயலினும் மட்டும்.

நம் நண்பர்கள் அவரை வரவேற்ற விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பிறந்தநாள் விருந்தில் ஓர் அங்கிள் கேட்டார்:

"சார் மியூசிக் டைரக்டராமே? உங்க ஹிட் சாங் ஒண்ணு எடுத்து விடுங்களேன்."

"எங்க படத்துல பாட்டு கிடையாதுங்க."

"பாட்டே இல்லாம என்ன சார் மியூசிக் டைரக்டர்?"

அண்ணன் கோபப்படவில்லை. "ஒரு பொண்ணு வீட்டுக்கு வர்றா. கதவத் தொறக்குறா, உள்ள யாரும் இல்ல. அந்த எடத்துக்கு ரெண்டு செலோ வாத்தியம் மட்டும் போட்டேன். நல்லா வந்துச்சு" என்றார்.

அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாவம், சான்ஸ் சரியா அமையல போல" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வாசிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தான்டா என்னைக் கூப்பிடுவாங்க." என் முட்டாள்தனத்துக்கு அஸ்திவாரம் இந்த ஒரு வாக்கியம்.

என் மகள் யாழினி கல்லூரி இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிப்பவள். கடைசி வருடக் கச்சேரியில் அவளும் மூன்று தோழிகளும் வாசிப்பதற்காக அண்ணன் ஒன்று எழுதத் தொடங்கினார். "படம் இல்லாம, யாரும் கேக்காம, எனக்காக எழுதுறது இதான்டா முதல் தடவை. இத முடிச்சுட்டாப் போதும்" என்றார். தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்வார். தாளின் வலது மூலையில் தேதி போடுவார். பிறகு அந்த அச்சுக் கையெழுத்து.

ஒருநாள் இடது கன்னத்தில் சவரம் செய்யாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என்னண்ணே, பாதிக்குத்தான் தண்ணி வந்துச்சா?" என்றேன். கன்னத்தைத் தடவிப் பார்த்து அவரும் சிரித்தார். இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். "கதவு போன வாரமும் அங்கதாண்ணே இருந்துச்சு" என்றேன். அதற்கும் சிரித்தார். நான் சிரிக்க வைத்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அவர் நம்பினார். அவர் சிரித்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நான் நம்பினேன்.

ஒரு காலை மாலதி கேட்டாள்: "மாமா, ரெண்டு இட்லி அப்படியே இருக்கே?"

"எல்லாம் சாப்ட்டேனேம்மா."

தட்டின் இடது பக்கத்தில் இரண்டு இட்லி தொடப்படாமல் இருந்தன. மாலதி தட்டைத் திருப்பி வைத்தாள். "ஓ, இன்னும் வெச்சியா?" என்று அண்ணன் அவற்றையும் சாப்பிட்டார்.

மாலதி என்னைப் பார்த்தாள். பயம் வந்தால் எனக்கு வாய்தான் ஓடும், கால் ஓடாது. "தட்டத் திருப்புனா இட்லி வருதுன்னா ஹோட்டலே வெக்கலாமே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன், மூன்று வாரம் கழித்து, பல் டாக்டரிடம். சரியாக மெல்ல முடியாமல் மிச்சம் வைக்கிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை யாழினி வந்தாள். அண்ணன் எழுதிய தாள்களை ஸ்டாண்டில் வைத்து வயோலாவை எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டாள்.

"டாட், இங்க வாங்க. இது ஏன் இப்படி இருக்கு?"

"அது சைலன்ஸ்மா. பெரியப்பாவோட ஸ்டைல்."

"நோ டாட். சைலன்ஸ்னா அதுக்கு ஒரு சைன் இருக்கு, அத எழுதணும். பெரியப்பா எதுவுமே எழுதல. எல்லா லைன்லயும் லெஃப்ட் சைடு காலி."

"உனக்கு வயோலா சொல்லிக் குடுத்தவங்களுக்கே பெரியப்பா..."

"ஸ்டாப் ஜோக்கிங், டாட்! ஹி கான்ட் ஸீ இட்!"

நாற்பது வருடம் பிரதி எடுத்து, அரேஞ்ச் செய்து வாழ்ந்த மனிதர் மௌனத்துக்கு உரிய குறியைப் போடாமல் விடுவாரா? இருபத்தொரு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பத்து நிமிட வழியில் இரண்டு முறை எக்ஸிட்டைத் தவறவிட்டேன். கடைசியில் அறுபத்தைந்து வயது அண்ணனைப் பிரசவப் பிரிவின் வாசலில் இறக்கிவிட்டேன். காவலாளி காருக்குள் எட்டிப் பார்த்து, தாயார் எங்கே என்று கேட்டார். அதற்கும் அண்ணன் சிரித்தார்.

மூளையின் வலது புறத்தில் கட்டி. கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மூளை விட்டுவிட்டது. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு வாரமா" என்றேன். யாழினி கையோடு கொண்டுவந்திருந்த தாள்களைத் தேதி வரிசைப்படி மேசையில் பரப்பினாள். முதல் தாள்கள் முழுதாக இருந்தன. பிறகு இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெற்று. பிறகு இரண்டு விரல். பிறகு உள்ளங்கை. பிறகு பாதித் தாள். பதினோரு வாரம். நோய் தன்னைத் தினமும் அண்ணனின் கையெழுத்தில் எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறது. நான் அதைக் கலை என்று ஊருக்குச் சொன்னேன்.

அறுவை சிகிச்சை செய்யக்கூடிய இடத்தில் கட்டி இல்லை என்றார்கள். முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். சொல்வது கடினம் என்றார் டாக்டர். அந்தப் பதில் இல்லையென்று இருந்தாலும் பரவாயில்லை, ஆமாம் என்று இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருடமாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

அண்ணனிடம் தாள்களைக் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்தார். "முழுசாத்தானேடா இருக்கு?" என்றார். தட்டைத் திருப்பி வைத்தால் இட்லி கிடைக்கும். இசைத் தாளைத் திருப்பினால் தலைகீழாகிவிடும். யாழினி தாளை வெட்டி, சிறு துண்டுகளாக அவருடைய வலது பக்கத்தில் பிடித்தாள். ஒரு துண்டில் இசையின் ஓர் அடி மட்டும். அப்படி ஆறேழு நாள் எழுதினார். பிறகு தூக்கம் அதிகமானது. கச்சேரி நாள் வந்தது. பிள்ளைகள் வேறு எதையோ வாசித்தார்கள்.

அந்த மாதங்களில் எங்களைத் தாங்கியவர்களுக்குக் கைகூப்புகிறேன். வாரம் மூன்று நாள் அண்ணனை ரேடியேஷனுக்குக் கூட்டிப்போன ரஹ்மத்துல்லா பாய் ஒருமுறைகூட வழி தவறவில்லை. என்னை ஓட்ட விடாமல் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதற்கும் அவருக்கு நன்றி. சொல்லாமலே வாசலில் ரசமும் பருப்புச் சாதமும் வைத்துவிட்டுப் போன தோழிகளே, உங்கள் டப்பாக்கள் பத்திரமாக இருக்கின்றன, எது யாருடையது என்றுதான் தெரியவில்லை. பாட்டு எங்கே என்று கேட்ட அந்த அங்கிள், அண்ணன் இசையமைத்த படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அவர் கட்டிலருகே உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். நான் செய்யாததை அவர் செய்தார். மாலதிக்கு நன்றி சொன்னால் திட்டுவாள்.

அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தோம். பேசுபவர்கள் வலது பக்கமாக உட்கார வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். ஒரு மத்தியானம், மாலதி கூப்பிட்ட குரலைக் கேட்டுப் பதறி ஓடி வந்து, கைக்கு எட்டிய நாற்காலியில் விழுந்து அவர் கையைப் பிடித்தேன். அது இடது பக்கம்.

அண்ணன் கண் திறந்தார். "தம்பி இன்னும் வரலையாம்மா?"

"பக்கத்துலதான் இருக்காரு மாமா. உங்க கையத்தான் புடிச்சிருக்காரு."

அவர் வலது பக்கம், ஜன்னல் ஓரமாகத் தேடினார். "எங்க?"

எழுந்து கட்டிலைச் சுற்றி நாலடி வைத்திருந்தால் போதும். என் கால் நகரவில்லை. அன்று வாயும் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி விழிக்கவில்லை. அடுத்த நாள் காலை இறந்தார்.