வெள்ளைத் தாளில் பத்துக் கைநாட்டு

எனக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். பெண் கேட்டு வந்தவர்களுக்குத் தெரியும், இன்னுமா கட்டிக்கொடுக்கவில்லை என்று மூக்கில் விரல் வைத்தவர்களுக்கும் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியவில்லை. நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள அங்கே மனுப் போட்டிருந்தேன். எட்டாவது பாஸ், இங்கிலீஷ் வாசிக்கிறாய், உடம்பில் குறை இல்லை, எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதமும் வந்துவிட்டது. ஆனால் வயதுக்கு அத்தாட்சி வேண்டுமாம். ஞானஸ்நானச் சீட்டு இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டால் பெற்றவர் ஒருவர் மாஜிஸ்திரேட்டு முன்னால் சத்தியம் செய்து கொடுத்த பிரமாணப் பத்திரம் கொண்டு வா என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை காலைக்குள் வராவிட்டால் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

நாங்கள் வேதக்காரர்கள் இல்லை, ஞானஸ்நானச் சீட்டுக்கு வழியில்லை. வீட்டில் பிறந்தவள் நான், எந்த ஆபீசிலும் யாரும் போய் எழுதிவைக்கவில்லை. அப்பா எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். ஆக, சத்தியம் செய்ய அம்மா ஒருத்திதான். அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. அவள் வாயைத் திறந்தால் ஆம்பூரில் அவள் வேலை செய்கிற தோல் டேனரியில் மேஸ்திரியே இரண்டடி தள்ளி நிற்பான். அப்பேர்ப்பட்டவள் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் உள்ளதைச் சொல்ல மாட்டாளா?

டேனரியில் அவளுக்கு மயிர் வழிக்கிற வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலைத் தூக்கிப் போட்டு, இளகிப்போன மயிரைக் கையாலேயே வழித்தெடுக்க வேண்டும். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை சுண்ணாம்புத் தண்ணீரில்தான் கை. அப்பா போன பிறகு அந்த வேலையில் சேர்ந்து, அதில்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஆஸ்பத்திரி இடம் தவறினால் நானும் அந்தத் தொட்டியண்டைதான் போய் உட்கார வேண்டும். மேஸ்திரி முன்பே சொல்லிவைத்திருந்தான்: “படிச்சி இன்னா பண்ணப் போறா? இட்டுனு வா, எடம் கீது.” அம்மா அதை வீட்டில் வந்து சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. கோபம் வந்தால் நான் சாப்பிட மாட்டேன், அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்தும்.

எங்கள் ஜனத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளி முஸ்லிம், ஜும்மா தொழுகைக்காக டேனரியை மூடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடமும் ஆபீசும் பூட்டிக் கிடக்கும்போது அம்மா வேலைக்குப் போய்விடுவாள், நான் வீட்டில் தனியாகக் கிடப்பேன். பேஜார்தான். இந்தக் காரியத்துக்கு மட்டும் அது வசதியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட்டு உட்காருகிற கோர்ட்டுக் கச்சேரி திறந்திருக்கும். எங்கள் கையில் இருந்தது இரண்டே வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளியிலேயே முடித்துவிடலாம் என்று பாசஞ்சர் வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்கி, பாலாற்றைத் தாண்டி வேலூர்க் கோட்டைக்கு நடந்தோம்.

கோட்டைக்குள் ஒரு வேப்ப மரத்தடியில் மனு எழுதுகிறவர் மேஜை போட்டிருந்தார். மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டார்.

“ராட்சச வருசம், ஆடிப் பதினெட்டுக்கு மொத நாளு,” என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

“ராட்சச வருஷமா?” என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதான் மூஞ்சிலியே எழுதிக் கீதே,” என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி இங்கிலீஷ் தேதியைக் கண்டுபிடித்து, முத்திரைத்தாளில் முத்து முத்தாக எழுதி, சாட்சிக்குத் தானும் கையெழுத்துப் போட்டு எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

மாஜிஸ்திரேட்டு அம்மாவைச் சத்தியம் செய்யச் சொல்லி, எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியென்றாள். கைநாட்டு வைக்கப் பக்கத்து மேஜைக்கு அனுப்பினார். எங்களுக்கு முன்னால் நின்றவரின் விரலைப் பிடித்து உருட்டி ரேகை எடுத்த குமாஸ்தா, அம்மாவின் முறை வந்ததும் மைப்பெட்டியை ரூல்தடியால் மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அவள் கையைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளே இடது பெருவிரலில் மையைத் தொட்டு, அவர் காட்டிய உதிரித் தாளில் வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதில் ரேகை என்று ஒரு கோடு இல்லை. மறுபடி வைத்தாள். வேறு விரல்களையும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு வட்டம்தான்.

“ரேகை எங்கே?”

“கீற கைதான் சாமி. வேற கைக்கு நான் எங்க போவேன்?”

குமாஸ்தா எழுந்துவிட்டார். “ரேகையை அழிச்சிட்டு வந்திருக்கா சார்! இதுக்கு முன்னாடி எங்கியோ பொய்க் கைநாட்டு வெச்சவளா இருக்கும். நாளைக்கு நான் வெக்கவே இல்லைன்னு சொல்லத்தான் இந்த வேலை!” என்று கச்சேரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். மாஜிஸ்திரேட்டைச் சுற்றி வக்கீல்கள் நின்றிருந்தார்கள். அவர் தலையைத் தூக்காமலே, ரேகை விழாமல் எதையும் பதிய முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே அகழி ஓரமாக நடக்கும்போது நான் அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். “ஒரு விரலையாவது ஒழுங்கா வெச்சிக்கக் கூடாதா? ஒரே ஒரு விரலு!” என்று நடுத்தெருவில் கத்தினேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் முந்தானையால் பெருவிரலைத் துடைத்தாள், மை போகவில்லை, மறுபடி துடைத்தாள். அந்தக் கை எதனால் தேய்ந்தது, யாருக்காகத் தேய்ந்தது என்று தெரிந்தே கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் சாயந்திரம் டேனரியிலிருந்து வந்தவள் வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிற பெண்களிடம் கச்சேரிக் கதையைச் சொன்னாளாம். பள்ளிகொண்டாவிலிருந்து வந்து எங்கள் ஊரில் இருந்த ஒருத்தி, எங்களுக்கு அவள் பள்ளிகொண்டாக்காரிதான், உடனே சோற்றுச் சட்டியின் அடிக்கரியைப் பெருவிரலில் தேய்த்து, வெள்ளையடித்த சுவரில் ஒரு குத்துக் குத்தினாளாம். ஒரு கோடு இல்லாமல் மொழுக்கென்று விழுந்ததாம். அடுத்தவள் குத்தினாள், அதற்கடுத்தவள் குத்தினாள். மணி அடிப்பதற்குள் சுவர் பாழாகிவிட்டது. மேஸ்திரி வந்து குதித்தானாம்.

“எங்க பத்து பேருக்கும் ஒரே கைடி!” என்றாள் அம்மா. “ஒருத்தி அழிச்சிக்கினா திருட்டுன்னு சொல்லலாம். பத்து பேருமா அழிச்சிக்கினோம்? அந்தக் குமாஸ்தாவக் கேக்கறேன் இரு.”

ஒன்பது பேரையும் கச்சேரிக்குக் கூட்டிப்போய், ஒரு தாளில் கைநாட்டு வைத்துக் காட்டுவதுதான் அவள் யோசனை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதை யார் எனக்காகக் கச்சேரியில் கழிப்பார்கள்? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் எழுதாத தாளில் கைநாட்டு வைக்க எந்தப் பெண்ணும் துணிய மாட்டாள். மேலே எவன் என்ன எழுதிக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்? பள்ளிகொண்டாக்காரிக்கு அது கதையில்லை. புருஷன் செத்த வருஷம் மைத்துனன் வெறுந்தாளில் அவள் கைநாட்டை வாங்கி, நிலத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவள் பிழைக்க ஆம்பூர் வந்ததே. அம்மா கேட்டபோது எல்லாரும் சரியென்றார்கள். பள்ளிகொண்டாக்காரி மட்டும், “வர்றேன். தொணைக்கு வர்றேன். வெள்ளக் காயிதத்துல மட்டும் வெக்க மாட்டேன், என்னக் கேக்காத,” என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வெள்ளி. துவைத்த சேலையும் எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலையுமாகப் பத்துப் பெண்கள் பாசஞ்சர் வண்டியில் ஏறினார்கள். அவர்களுக்கு நடுவில் நான், மடியில் பத்திரத்தோடு. கச்சேரி வாசலில் சேவகன் கையை நீட்டித் தடுத்தான்.

“கும்பலா இன்னா இங்க?”

“சாட்சிம்மா, சாட்சி!” என்று என்னிடம் சொல்கிற மாதிரி அவனுக்குச் சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் பின்னால் எல்லாரும் போனோம்.

எங்களைக் கண்டதும் குமாஸ்தா, “போன வாரம் வந்த ரேகையில்லாதவ சார்,” என்றார். அன்று வக்கீல் கூட்டம் இல்லை. மாஜிஸ்திரேட்டு நிமிர்ந்து பார்த்தார். ரேகை வந்துவிட்டதா என்று கேட்டார்.

“வரல சாமி. இனிமேலும் வராது,” என்றாள் அம்மா. “நான் அழிக்கல. சுண்ணாம்பு அழிச்சிது. நம்பலன்னா இவங்க ஒம்போது பேரும் என்னோட வேல செய்யறவங்க. ஒரு காயிதம் குடுங்க, கைய வெக்கச் சொல்றேன். ஒருத்திக்காவது ரேக விழுந்தா என்ன ஜெயில்ல போடுங்க.”

 மாஜிஸ்திரேட்டு அவள் கைகளைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குமாஸ்தாவிடம் நீட்டினார். குமாஸ்தா வழக்கம்போல ரூல்தடியால் மைப்பெட்டியைத் தள்ளப் போனார்.

“பிடிச்சு உருட்டுய்யா,” என்றார் மாஜிஸ்திரேட்டு. “அவங்களே வெச்சா சரியா வெக்கலைன்னு நீதான் சொல்லுவே.”

பிடித்தார். பிடிக்கத்தானே வேண்டும்! அம்மாவின் கையை முதலில் பிடித்தார். பிறகு ஒவ்வொருத்தி கையாக, சுண்ணாம்பு தின்ற கைகளைப் பிடித்துப் பிடித்து உருட்டினார். அவர் முகத்தை நான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், மறைப்பானேன்? தாளில் வட்டத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒன்பது விழுந்தன. ஒன்றிலும் ஒரு கோடு இல்லை.

பத்தாவதாகப் பள்ளிகொண்டாக்காரி நின்றாள். அவளை நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை, பார்த்தால் கேட்பது மாதிரி ஆகிவிடும். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது கையை முன்னால் நீட்டினாள்.

“எடு,” என்றாள் குமாஸ்தாவிடம்.  பத்தாவது வட்டமும் விழுந்தது.

மாஜிஸ்திரேட்டு தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நீயும் ஒண்ணு வை,” என்றார் குமாஸ்தாவிடம். அவர் விழித்தார். “வைய்யா.” வைத்தார். பத்து மொழுக்கு வட்டங்களுக்குக் கீழே வரிவரியாக, சுழிசுழியாக, அழகான ரேகை. மாஜிஸ்திரேட்டு சிரித்துவிட்டார். கச்சேரியில் நின்ற சேவகன்கூடச் சிரித்தான். அப்புறம் மாஜிஸ்திரேட்டு பேனாவை எடுத்து, அம்மாவின் பத்திரத்தில் கைநாட்டை வாங்கச் சொல்லி, அதன் கீழே தன் கையாலேயே நாலு வரி எழுதினார். இந்த விரலில் ரேகை இல்லை, தோல் வேலையில் தேய்ந்தது, அதே வேலை செய்யும் ஒன்பது பேரின் விரல்களையும் நேரில் பார்த்தேன், இது என் முன்னால் வைத்த கைநாட்டுதான் என்று படித்தும் காட்டினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை, தாள் கிழிகிற மாதிரி விழுந்தது.

நான் பத்திரத்தை வாங்கிக்கொண்டேன். அம்மா நகரவில்லை.

“அந்தக் காயிதத்தக் குடுத்துடுங்க சாமி.”

“இது கச்சேரியில இருக்கணும்,” என்றார் குமாஸ்தா.

“மேல ஒண்ணும் எழுதாத காயிதம். பத்து பேரு கைநாட்டு கீது. வெச்சிட்டு எங்களால தூங்க முடியாது.”

மாஜிஸ்திரேட்டு தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

வேப்ப மரத்தடியில் அதைப் பதினோரு துண்டாகக் கிழித்து அவரவர் கைநாட்டை அவரவரிடம் கொடுத்தேன். குமாஸ்தாவின் ரேகையைக் காற்றில் விட்டேன். சிலர் தங்கள் துண்டைச் சுக்குநூறாகக் கிழித்தார்கள், சிலர் முந்தானையில் முடிந்தார்கள். பள்ளிகொண்டாக்காரி வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள். “இப்ப எழுதட்டும் பாக்கலாம், எவன் எழுதறான்னு!” என்றாள். நாக்கு கறுத்துப் போயிருந்தது. பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அகழி ஓரத்தில் கத்தியதற்கு அங்கேதான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “போடி,” என்றாள்.

திங்கட்கிழமை அவள் தொட்டியண்டை போய்விட்டாள், நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். பத்திரத்தைப் படித்துக்கொண்டே வந்து, அந்தக் கறுப்பு வட்டத்தில் நின்றார்.

“இது மை கொட்டின கறையா?”

“இல்லைங்க,” என்றேன். “எங்கம்மா.”

அவர் கீழே இருந்த நாலு வரியைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு பேரேட்டை இழுத்து என் பெயரை எழுதி, உள்ளே போய் உடுப்பை வாங்கிக்கொள் என்றார்.