அப்பாவின் மேட்டில் வைத்த செடிகள்

அப்பாவைப் புதைத்த மேட்டில் எதை வைத்தாலும் செத்துப்போனது. முதலில் ரோஜா, அடுத்து சாமந்தி. சாமந்தி கருகியதைப் பார்க்க முசரவாக்கத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. கல்லறைத் தோட்டத்தில் நின்றபடி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உங்க கையால வெக்கிறத அண்ணன் ஏத்துக்கலன்னு தோணுது."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வதாம்? எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அம்மா தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உண்மை என்று எடுத்துக்கொண்டாள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மா ஏன் அதை நம்பினாள் என்பதற்கு அவர்களின் கடைசிச் சண்டையைச் சொல்ல வேண்டும். அப்பா சீரியல் லைட் கட்டுகிறவர். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்; ஆனால் காஞ்சிபுரத்தில் எந்தச் சாமி வீதியுலா வந்தாலும் அந்தத் தெருவுக்கு வெளிச்சம் போடுவது எங்கள் அப்பாதான். பிரஷர் எகிறிக் கிடக்கிறது, இனிமேல் ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறவள். கட்டி முடித்த புடவைகளைக் கடையில் கொடுக்கப் போனபோது, நடுத்தெருவில் கம்பத்தின் உச்சியில் ஒரு ஆள் பல்பு மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். கீழே கிடந்த செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து பேச்சு கட். வீட்டில் இருப்பதோ மூன்று பேர், ஒரே ஒரு பெரிய அறை. நடுவில் செல்போன் டவர் மாதிரி நான்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு."

அப்பா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கேட்டுச்சுன்னு."

"நான் இன்னா மைக் செட்டாபா?" என்பேன். அப்பா சிரிப்பார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு வராத மாதிரி உதட்டைக் கடிப்பாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தானாகவே சரியாகியிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா அவரிடம் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. எங்கள் பக்கம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் குழியில் கல்லுப்பு கொட்டாமல் மூட மாட்டார்கள். அப்பாவுக்கும் கொட்டினார்கள். மண் தள்ளி மேடு கட்டும்போது, ஏரிக்கரையில் நாலைந்து நாய்கள் படுத்திருந்தன. அதுவரை அழாமல் இருந்த அம்மா திடீரென்று கத்தினாள். "அய்யோ, நாய் பறிச்சிடும்பா! மேலயும் உப்பப் போடுங்க! இன்னும் போடுங்கபா!" பாவம், யாரோ பைக்கில் போய் இன்னொரு மூட்டை வாங்கிவந்தார்கள். மேட்டின் மேல் மண்ணோடு மண்ணாக அதையும் கலந்தார்கள்.

ரோஜா வைத்தது சித்திரையில். வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் படித்தது தாவரவியல். பார்க்கிற வேலை செல்போன் கடையில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவது. ஆகவே வீட்டில் என் படிப்புக்கு யாரும் பெரிய மரியாதை தருவதில்லை. நர்சரிக்காரர் வேறு, "எந்த மண்ணா இருந்தாலும் சோக்கா வரும் மேடம்" என்று கவரோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். அவரிடம் வராத செடி என்று ஒன்று கிடையாது.

"ம்மா, இது ஏரிக்கரை களிமண்ணு. காஞ்சா ஓடு, நனைஞ்சா அல்வா. அதுல, இந்த வெயில்ல, ரோஜாவா?"

"அவருக்கு ரோஜான்னா பிடிக்கும்டி."

"அவருக்குப் பிடிக்கும். ரோஜாவுக்கு இந்த மண்ணு பிடிக்கணுமே."

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும். கடையில் வாங்கிய மாலை இல்லாமல், அப்பாவின் மேட்டிலேயே வேர் பிடித்த செடியில், அவள் கையால் வைத்ததில், ஒரு பூ இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவர் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லி, அத்தை என்னிடம் சொன்னாள்.

ரோஜா பத்து நாள்கூடத் தாங்கவில்லை. சரி, வெயில் என்று விட்டேன். ஆடியில் நானே இறங்கினேன். சாமந்தியை ஆடியில் நட்டால் ஐப்பசியில் மொட்டு வைக்கும். கல்லறைத் திருநாளுக்கு ஏறக்குறைய சரியாக வரும். சீசனை மடக்கிவிட்டோம், இனி மண்தானே? களியை உடைத்து ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்தேன். வேரடி மண் கலையாமல் அம்மா கையாலேயே நடவைத்தேன். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை ஸ்கூட்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். கல்லறைத் தோட்டத்து கேட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் காதல் தோல்வி என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

அந்தச் சாமந்தியும் கருகியது. அதன் பிறகுதான் அத்தை அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அம்மா மாறிப்போனாள். கடையிலிருந்து வந்த புடவைகள் மூட்டை பிரிக்காமல் கிடந்தன. குஞ்சம் கட்ட உட்கார்ந்தால் நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே இருப்பாள். சாயந்திரமானால் கல்லறைக்குப் போய் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் பின்னாலேயே போய் நின்றேன். மண்ணைத் தடவிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மூஞ்சத் திருப்பிக்கினுதான் கீறியா? நான் பேசாதது தப்புதான்யா. நீ மேல ஏறாதன்னுதானே பேசாம இருந்தேன். எதனா ஒண்ணு பூக்க விடேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுகையை எரிச்சலாக மாற்றிக்கொள்வதில் நான் கில்லாடி. அம்மாவைக் கூப்பிடாமல், செத்த சாமந்தியைப் பிடுங்கிப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் செத்த செடி முழுசாக வாடும். தண்ணீர் தேங்கிச் செத்தால் வேர் அழுகி நாறும். இது இரண்டும் இல்லை. இலையின் ஓரம் மட்டும், யாரோ நெருப்பைக் காட்டிக்கொண்டே போன மாதிரி, சுற்றிலும் பழுப்பாகக் கருகியிருந்தது. நடு இலை பச்சை. மண்ணோ ஈரம். மேட்டின் ஓரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கல்லறை மண்ணை நக்கிய முதல் தாவரவியல் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன். உப்பு. நன்றாகவே உப்பு.

நாய்களும், பைக்கில் வந்த மூட்டையும் உடனே நினைவுக்கு வந்தன. வேருக்குப் பக்கத்தில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் உப்பு அதைச் செடிக்கு விடாது. செகண்ட் இயரில் படித்ததுதான். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? அப்பா காரணமில்லை, நீதான் காரணம் என்றா? ஒருவேளை என் நாக்கு தப்பாகவும் இருக்கலாம். கொஞ்சம் மண்ணை வாட்டர் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மொட்டை மாடியில் இரண்டு தயிர் கப். ஒன்றில் எங்கள் வாசல் மண், இன்னொன்றில் அப்பாவின் மேட்டு மண். இரண்டிலும் வெந்தயம் தூவினேன். மூன்றாம் நாள் வாசல் மண் கப்பில் பச்சையாக எட்டிப்பார்த்தது. மற்றதில் ஒன்றும் இல்லை.

துணி காயப்போட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததுமே அந்தக் களி நிறத்தை அடையாளம் கண்டுவிட்டாள். தினம் தடவுகிற மண் ஆயிற்றே.

"எங்கேந்துடி இந்த மண்ணு?"

நான் அந்தக் கப்பைப் பின்னால் நகர்த்தினேன்.

"கல்லறை மண்ண வூட்டுக்குள்ள எட்டாந்தியா? அறிவு கீதா உனக்கு? பி.எஸ்சி.யாம், பி.எஸ்சி.!"

"ம்மா, கத்தாத. கீழ வூட்டுக்காரங்க வந்துடுவாங்க. இத மட்டும் பாரு. ஒண்ணு மொளைச்சிருக்குது, ஒண்ணு மொளைக்கல. ஒரே வெந்தயம், ஒரே தண்ணி. அப்பா இங்க வந்து வெந்தயத்து மேல கோச்சிக்கினாரா? மண்ணுல உப்பும்மா. அன்னிக்கு மேல கொட்டினோமே, அந்த உப்பு. வேற ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு உன்மேல கோவமே இல்ல. அத்தை சொல்றது சுத்தப் பேத்தல்."

பிரமாதமாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். அம்மா முகம் தெளியும், ஒரு மூச்சு அழுதுவிட்டு, அத்தைக்கு போன் போட்டு ஏறு ஏறு என்று ஏறுவாள். அதைக் கேட்க நான் ரெடியாக நின்றேன். அம்மா ஈரத்துணியைப் பிழிந்தபடியே இருந்தாள். சொட்டுத் தண்ணீர்கூட வராத துணி.

"நான்தானே கொட்டச் சொன்னேன்."

"நாய்க்காகத்தானேம்மா. தப்பில்ல."

"அப்போ இத்தினி நாளா அவரு ஒண்ணுமே சொல்லலியா?"

எனக்குப் புரியவில்லை. "இன்னாம்மா சொல்ற?"

"செடி காய்ஞ்சா, கோச்சிக்கினு கீறாருன்னு இருந்தேன். கோவம்னாலும் எங்கிட்டதானே கோச்சிக்கினாரு. இப்ப அதுவும் இல்லன்ற."

துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள். இரண்டு கப்பும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேட்டு மண் கப்பைத் திரும்பக் கொண்டுபோய் அப்பாவிடமே கொட்டினேன்.

அதற்குப் பிறகு அம்மா கல்லறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். புடவை மூட்டையைப் பிரித்தாள், குஞ்சம் கட்டினாள், சமைத்தாள். பார்க்கிறவர்களுக்கு, தேறிவிட்டாள் என்றுதான் தோன்றும். எனக்கு அந்தப் பழைய அழுகையே பரவாயில்லை என்றிருந்தது.

நான் விடுவதாக இல்லை. பூ பூத்தாக வேண்டும். மேட்டின் உச்சியில் உப்பு மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்தெடுத்துவிட்டு ஆற்று மணலும் தோட்ட மண்ணும் போட்டேன். அடியில் மிச்சமிருக்கும் உப்பு மழையில் கரைந்து ஓட, மேட்டைச் சுற்றிச் சின்னக் கால்வாய் வெட்டினேன். இனி செடி. மல்லிகை வேண்டாம், அதற்கு உப்பு ஆகாது. பத்துமணிப் பூ உப்பைத் தாங்கும். வெயில் இல்லாத ஐப்பசியில் இதழ் விரிக்காது. அரளி தாங்கும், ஆனால் நவம்பருக்குள் பூக்கிற அளவுக்கு வளராது. பதில் பக்கத்துக் கல்லறைகளிலேயே, யாரும் வைக்காமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல், ரோஸ் நிறத்தில் மண்டிக்கிடந்தது. நித்தியகல்யாணி. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு வழங்குகிற பெயர் சுடுகாட்டு மல்லி. வீட்டு வாசலில் ஒருத்தரும் வைக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். எப்படியும் அவள் கையால் வைத்தால்தானே கணக்கு?

"சுடுகாட்டு மல்லியா? அது வாணாம்டி."

"நாம வெக்கப்போறது இன்னா கல்யாண மண்டபத்துலயா?"

முன்பென்றால் கரண்டி பறந்து வந்திருக்கும். "எதனா வை" என்று மட்டும் சொன்னாள். ஆனால் வந்தாள். புரட்டாசி கடைசியில், முதல் பெருமழை விட்டிருந்த ஒரு காலையில், நான் குழி பறிக்க, பக்கத்துக் கல்லறையில் பெயர்த்தெடுத்த, மொட்டு விட்ட நாற்றுகளை அவள் வைத்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை, என்னிடமும் சரி, மேட்டிடமும் சரி.

மழை அடித்து ஊற்றியது. கால்வாய் நிரம்பி ஓடியது. இரண்டு நாற்று அழுகியது, மற்றவை பிடித்துக்கொண்டன.

கல்லறைத் திருநாளன்று தூறல். எல்லாரும் ஒரு கையில் குடை, ஒரு கையில் மெழுகுவத்தி. அப்பாவின் மேட்டில் பூ இருந்தது. ஒன்றில்லை, கொத்தாக. முசரவாக்கத்து அத்தை பார்த்தவுடன் குடையைப் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா அண்ணி! எங்க அண்ணன் மனசு எறங்கிடுச்சு!"

சரி என்று சொல்லிவிடேன் அம்மா. மனசுக்குள் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நான் நக்கிய மண், நான் முளைக்க வைத்த வெந்தயம் எல்லாம் பொய்யாகவே போகட்டும்.

அம்மா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "உப்பு எறங்கிடுச்சும்மா. நல்ல மழை."

அத்தை என்னை முறைத்தாள். வேலை யாருடையது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதிரியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும் பக்கம் பார்த்து நகர்ந்தாள்.

நானும் அம்மாவும் மேட்டின் பக்கத்தில் நின்றோம். மெழுகுவத்தி அணைந்து அணைந்து போனது. அம்மா குனிந்து ஏற்றினாள், குடையைச் சாய்த்துக் காற்றை மறைத்தாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, பழைய குரலில் சொன்னாள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு. நாய்க்குப் பயந்துதான் உப்பு போடச் சொன்னேன்னு."

குனிந்து, பூக்களுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். "ப்பா. நாய்க்குப் பயந்துதான் அம்மா உப்பு போடச் சொல்லிச்சாம்."

நிமிர்ந்தேன். அம்மா இப்போது நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதே குரலில் சொல்லவும் வரும். உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கேட்டுச்சுன்னு. அவ்வளவுதான். வாய் திறக்கவே மாட்டேன் என்றது. மொட்டை மாடியில், எல்லாம் வெறும் உப்புதான் என்று அவ்வளவு பேசிய வாய்.

தூறல் வலுத்தது. அம்மா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.